விழுந்தவன் எப்பிடித் திரும்பி வரான்னு பாரு

வா நைனா, இப்பிடி உக்காரு. அந்தக் கறுப்புக் கண்ணாடிய மொதல்ல கழட்டு. பொழுதே இன்னும் வெளுக்கல. எந்த வெயிலுக்கு மாட்டிக்கினு வந்த?

கிரிவலப் பாதைய ஒரு சுத்து சுத்திட்டு வந்தியா? சரி. பதினாலு கிலோமீட்டரு. எழுபது வயசுக் கெழவி வெறுங்கால்ல, இடுப்புல பேத்திய வெச்சிக்கினு நடக்கிற பாதை. அதுக்கு நீ கையில ஒரு உறை, தொடையோட ஒட்டுன டவுசரு, மாருல ஒரு பட்டைன்னு கெளம்பிட்ட. எதுக்குடா மாருல பட்டை? நெஞ்சு துடிக்குதான்னு பாக்கவா? துடிக்கலன்னாலும் கவலப்படாத. ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்துலயே சுடுகாடு இருக்குது. தூக்கிக்கினு அலைய வேணாம்.

தலைக்கு மாட்டிக்கினு வந்தியே, அத்த ஒண்டி கழட்டாத. அது ஒண்ணுதான் உருப்படியான சாமான்.

போன்ல இன்னா அது? லிஸ்டா? வரப்போற சீசன்ல கண்ணு வெக்க வேண்டிய இளவட்ட சைக்கிள்காரனுங்களா? அடேங்கப்பா. மாப்பிள்ள பாக்கிறவன் கூட இவ்ளோ வெவரம் கேக்க மாட்டான். ஒயரம் இன்னா, எடை இன்னா, ஒரு நிமிஷத்துக்கு எத்தினி வாட்டு மிதிப்பான், அப்பன் இன்னா தொழிலு... போட்டவன் ஜாதகத்த ஒண்டி விட்டுட்டான்.

நான் இந்த ஊர்ல வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தவன். மணிக்கணக்குல விட்டவன். நோட்டுல பேரு, தெரு, எடுத்த நேரம் எழுதிக்குவேன். பையன் யாரு, அவன் அப்பன் யாருன்னு தெரிஞ்சாத்தான் வண்டி. எத்தினி பசங்க குரங்கு பெடல் போட்டு என் கண்ணு முன்னாடி ஓட்டக் கத்துக்கிச்சுங்க. எவன் ஓட்டுவான், எவன் ஓட்ட மாட்டான்னு எனக்கு வாட்டு மீட்டரு சொல்லணுமா?

ரகசியம் ஒண்ணுதான். பையன் விழுவான். எல்லாப் பையனும் விழுவான். ஒருத்தன் வண்டிய அங்கயே போட்டுட்டு அழுதுக்கினு ஊட்டுக்கு ஓடுவான். இன்னொருத்தன் முட்டி பேந்த ரத்தத்த மண்ணு போட்டுத் தொடச்சிக்கினு, வண்டியத் தள்ளிக்கினு கடைக்கு வருவான். "அண்ணே, ஹேண்டில்பாரு கோணிக்கிச்சு, நேராக்கிக் குடு, எனக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்குது"ன்னு கேப்பான். முன்வீல ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கிக்கினு ஹேண்டில்பார முறுக்கி நேராக்கிக் குடுப்பேன். அவன் தான் ஓட்றவன். உன் லிஸ்ட்ல இந்தக் கணக்குக்குக் கட்டம் போட்டிருக்குதா? இல்லல்ல?

சரி, படி பாக்கலாம். மொதப் பேரு யாரு?

ஐசக் டெல் டோரோ. மெக்சிகோக்காரன். என்செனாடான்னு கடலோர ஊரு. 2003-ல பொறந்தவன். சைக்கிள்னாலே இத்தாலி, பிரான்சு, பெல்ஜியம்னு பேசுற ஒலகத்துல, மெக்சிகோவிலேர்ந்து ஒரு பொடியன் வந்து, இளவட்டங்களுக்குன்னே பிரான்சுல நடக்கிற டூர் தெ லாவெனிர் ரேஸ 2023-ல ஜெயிச்சிட்டான். அதுக்கு முன்னாடி அந்த நாட்டுக்காரன் எவனும் ஜெயிச்சதில்ல. பெரிய கம்பெனி அணி ஒண்ணு அவன அப்பிடியே வாரிக்கிச்சு.

அப்புறம் நடந்தத சொல்றேன் கேளு. எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? உன் பாட்டி சீரியல் பாக்குது, நான் இத்தப் பாக்கிறேன். ரெண்டுலயும் அழுவாச்சிதான், என்னுதுல மலை இருக்குது.

2025 மே மாசம், இத்தாலிய சுத்துற ஜீரோ ரேஸு. மூணு வாரம், இருவத்தியோரு கட்டம். மொத எடத்துல இருக்கிறவனுக்கு ரோஸ் கலர் சட்டை. நம்மாளு ஒம்போதாவது கட்டத்துல அத மாட்டினான். வயசு 21. பதினேழாவது கட்டத்த போர்மியோவுல அவனே ஜெயிச்சான். கடைசிக்கு முந்தின நாளு, மே 31. அன்னைக்கு ஒரு நாள் தாண்டினா போதும், மறுநாள் ரோம்ல ஊர்கோலம் தான்.

நடுவுல ஒரு மலை. ஃபினெஸ்த்ரேன்னு பேரு. பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல ஏத்தம். அதுல கடைசி எட்டு கிலோமீட்டரு தாரே கெடையாது, சரளை மண்ணு. நம்ம ஜவ்வாது மலையில போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் ஏறுறப்போ மூச்சு வாங்கி நாலு எடத்துல நின்னு போட்டோ எடுப்பியே, அந்த மாதிரி நிக்க முடியாது. டெல் டோரோவுக்கு 43 செகண்டு பின்னாடி ஈக்வடார்க்காரன் கராபாஸ். இன்னும் பின்னாடி, ஒரு நிமிஷம் 21 செகண்டு தள்ளி, இங்கிலாந்துக்காரன் சைமன் யேட்ஸ்.

யேட்ஸ் கெளம்பினான். இவங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணாங்க தெரியுமா? ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கினு நின்னாங்க. நீ தொரத்து. நான் எதுக்குத் தொரத்தணும், சட்டை உன்னுது, நீ தொரத்து. நான் தொரத்தினா நீ என் முதுகுக்குப் பின்னாடி காத்து மறைவுல சொகமா வந்து கடைசில என்னையே அடிச்சிடுவ. வரப்புத் தகராறுல அண்ணன் தம்பி நிக்கிற நிப்பு. ஊரு ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். யேட்ஸு போயே போய்ட்டான். கடைசியில டெல் டோரோவ விட நாலு நிமிஷத்துக்கு நாலு செகண்டு தான் கொறச்சல், அவ்ளோ முன்னாடி முடிச்சி ரேஸையே தூக்கிக்கினு போனான்.

ஒலகம் பூரா பையனத் திட்டிச்சு. அனுபவம் பத்தல, வெவரம் பத்தல. திட்டினவன்ல எத்தினி பேருக்கு 21 வயசுல வெவரம் இருந்துச்சு? உனக்கு இருக்குதா? கெளம்புறப்போ தண்ணி பாட்டில ஊட்லயே வெச்சிட்டு வந்து இப்ப என் சொம்புல குடிக்கிற.

ஆனா சுவாரசியம் அது இல்ல. இந்த யேட்ஸு யாரு? 2018-ல இதே ரோஸ் சட்டையப் போட்டுக்கினு, இதே ஃபினெஸ்த்ரே மலை இருந்த நாள்ல தான் கால் ஓய்ஞ்சி, அரை மணிக்கு மேல பின்தங்கி, சட்டையப் பறிகுடுத்தவன். ஏழு வருஷம் மனசுலயே வெச்சிருந்து அதே மலையில வந்து வாங்கிக்கினான். கோணின ஹேண்டில்பார நேராக்க ஏழு வருஷம்.

டெல் டோரோ? அவனும் அழுதுக்கினு ஊட்டுக்கு ஓடல. அந்த ஆகஸ்ட்டுலயே ஸ்பெயின்ல பூர்கோஸ் ரேஸ ஜெயிச்சான். அக்டோபர்ல அதே இத்தாலிக்குப் போயி எமிலியா, பியமோந்தேன்னு அடுத்தடுத்து ரெண்டு ரேஸு. முட்டி ரத்தம் காயறதுக்குள்ள திரும்ப வண்ட்டான் பாரு. அவன் பேர அடிக்கோடு போட்டு வெச்சிக்கோ. அவன் வாட்டு எவ்வளவுன்னு எனக்குக் கவலயில்ல.

அடுத்தது யாரு? பால் செய்க்சாஸ். பிரான்சு. 2006-ல பொறந்தவன். அடப்பாவி, நம்ம தெருவுல அந்த வருஷம் பொறந்த பையன் இன்னும் அம்மா கையால சோறு ஊட்டச் சொல்றான். இவன் 2025-ல அதே டூர் தெ லாவெனிர ஜெயிச்சான். அக்டோபர்ல ஐரோப்பா சாம்பியன்ஷிப்ல மூணாவது. மொதல்ல வந்தவன் போகச்சார், ரெண்டாவது எவனபூல். ரெண்டும் யானைங்க. அதுங்களுக்குப் பின்னாடி பத்தொம்பது வயசு தொடங்கி ரெண்டு வாரம் கூட ஆகாத பையன்.

நல்லா ஓட்றான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிரான்சுக்காரனுங்கள நெனச்சா தான் பாவமா இருக்குது. அவனுங்க ஊரு ரேஸு டூர் தெ பிரான்ஸ். அத அவனுங்க ஆளு கடைசியா ஜெயிச்சது 1985-ல. பெர்னார் இனோன்னு ஒருத்தரு. அதுக்கப்புறம் நாப்பது வருஷமா எந்தப் பையன் மலை ஏறினாலும் "தோ வண்ட்டான் அடுத்த இனோ"ன்னு தூக்கித் தோள்ல வெச்சிக்கிறாங்க. தோள்ல வெச்சா பையன் எப்பிடி மிதிப்பான்? எத்தினி பேர அப்பிடித் தூக்கிக் கீழ போட்டிருக்காங்க. பிஞ்சுல பழுக்க வெச்சி, அப்புறம் ருசி இல்லன்னு துப்புறது. செய்க்சாஸ் இன்னும் பெருசா ஒண்ணும் விழல. அதான் எனக்கு யோசனை. விழட்டும். அப்புறம் சொல்றேன்.

இந்தப் பைத்தியம் எப்ப ஆரம்பிச்சிது தெரியுமா? அந்தக் காலத்துல மூணு வாரம் ஓட்றவனுக்கு இருவத்தேழு இருவத்தெட்டு வயசு ஆவணும்னு சொல்லுவாங்க. 2019-ல கொலம்பியாப் பையன் பெர்னால் 22 வயசுல டூர ஜெயிச்சான். மறு வருஷமே போகச்சார் 21 வயசுல ஜெயிச்சிட்டான். அவ்ளோதான். ஒவ்வொரு அணி மொதலாளியும் பள்ளிக்கூட வாசல்ல வலை போட ஆரம்பிச்சிட்டான். மீசை மொளைக்கல, ஒப்பந்தம் போட்டாச்சு. ரெண்டு மாமரம் சித்திரைக்கு முன்னாடி காச்சிச்சின்னு தோப்பையே தையில உலுக்குவியா?

அதே நேரத்துல இன்னொருத்தன் இருக்கான், விங்ககோர். டென்மார்க்குக்காரன். இருவது வயசுல காலையில மீன் கொடோன்ல பெட்டி தூக்கி, ஐஸு வாரிட்டு, அப்புறமா சைக்கிள் மிதிக்கப் போவான். எந்த லிஸ்ட்லயும் அவன் பேரு இல்ல. 2022, 2023 ரெண்டு வருஷமும் டூர் அவன் கையில. உன் லிஸ்டுக்காரன் அப்ப எங்க மீன் வாங்கினு இருந்தான்?

ஒரு அணிக்கு ஒண்டி கொஞ்சம் புத்தி இருக்குது. இத்தாலிப் பையன் லொரென்சோ ஃபின். அவனும் 2006 தான். 2024-ல சூரிச்சுல கொட்டுற மழையில ஜூனியர் ஒலகப் பட்டம். 2025-ல ருவாண்டாவுல, கிகாலியில, 23 வயசுக்குட்பட்டவங்களுக்கான பட்டம். ஆப்பிரிக்காவுல ரோடு சைக்கிள் ஒலகப் போட்டி நடந்ததே அதுதான் மொத தடவ. இவ்ளோ ஜெயிச்சும் அந்த வருஷம் பூரா அவன பெரிய அணிக்குத் தூக்காம, வளர்ற பசங்க அணியிலயே ஓட விட்டாங்க. நல்ல காரியம்.

ஜெயிக்கிறதுலயும் ஆபத்து இருக்குது, சிரிக்காத. எரித்ரியாவுலேர்ந்து பினியம் கிர்மாய்னு ஒருத்தன். 2022-ல ஜீரோவுல ஒரு கட்டத்த ஜெயிச்சி, மேடையில ஏறி, கொண்டாட்டத்துக்கு பாட்டில் மூடியத் தெறக்கிறான், தக்கை டப்புன்னு வந்து அவன் கண்ணுலயே அடிச்சிது. ஆஸ்பத்திரி. மறுநாள் ரேஸ விட்டு வெளிய. நூத்துக்கணக்கான கிலோமீட்டரு ஓட்டினவன ஒரு தக்கை சாச்சிது. ரெண்டு வருஷம் கழிச்சி டூர்ல மூணு கட்டம் ஜெயிச்சி புள்ளிக் கணக்குல மொத ஆளுக்குக் குடுக்குற பச்சைச் சட்டையோட ரேஸ முடிச்சான். டூர்ல கட்டம் ஜெயிச்ச மொத கறுப்பு ஆப்பிரிக்கன் அவன் தான். பாத்தியா, இவனும் திரும்பி வந்தவன் கணக்கு.

பொம்பளப் புள்ளைங்க பேரு உன் லிஸ்ட்ல எங்க? கீழ, கடைசியில, சின்ன எழுத்துல. கேட் பெர்குசன்னு இங்கிலாந்துப் பொண்ணு. 2024-ல அதே சூரிச்சுல ஜூனியர் ரோடு ரேஸு, தனி ஆளா நேரத்த எதுத்து ஓட்ற ரேஸு, ரெண்டு பட்டத்தையும் சேத்து வாரிக்கிச்சு. அத்த மேல ஏத்து.

உன் வண்டி இன்னா வெலை? வாய்க்குள்ளயே முழுங்காத, சத்தமா சொல்லு. அந்தப் பெரிய ஆளுங்க ஓட்றது கடையில பத்து லட்சத்துக்கு மேல. எடை 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒலக சங்கமே சட்டம் போட்டிருக்குது. ஏன்னா விட்டா காத்துலயே செஞ்சிடுவானுங்க. நீ இன்னா பண்ற? முந்நூறு கிராம் கொறையுதுன்னு சீட்ட மாத்துற. வயித்துல மூணு கிலோ தொங்குது, அத்த யாரு மாத்துறது? தேரடியில சாயங்காலம் பஜ்ஜி சாப்புடாம இருந்தா செலவே இல்லாம எடை கொறையும்.

வாட்டு வாட்டுன்னு சாவுற. என் காலத்து டைனமோ மூணு வாட்டு. அத்த டயர்ல ஒட்ட வெச்சா வேட்டவலம் ரோட்ல தொடை கதறும். இவனுங்க மணிக்கணக்கா முந்நூறு வாட்டு மிதிக்கிறானுங்கன்னா அது கால் இல்ல, கரன்ட் ஆபீசு. அதுக்கு மணிக்கு நூறு கிராம் சர்க்கரைய கூழாக்கிப் பாக்கெட்ல அடச்சி உறிஞ்சுறான். அவன் அஞ்சு மணி நேரம் மலை ஏறுறான், உறிஞ்சட்டும். நீ குபேர லிங்கம் வர்றதுக்குள்ள ரெண்டு பாக்கெட்டு உறிஞ்சிட்டு, கவர ரோட்ல போட்டுட்டு வர்ற. கடலை மிட்டாய் இன்னாடா பாவம் பண்ணிச்சு?

நம்ம நாட்டுப் பசங்க யாருன்னு கேளு. கேக்க மாட்ட. உன் லிஸ்ட்ல இருக்காது. ரோட்ல நம்ம ஆளுங்க இன்னும் பின்னாடி தான், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. 2026 ஜனவரியில புனேயில தான் நாள் கணக்குல ஓட்ற சர்வதேச ரோடு ரேஸு ஒண்ணு மொத மொதல்ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, 437 கிலோமீட்டரு. அதுக்குன்னு ரோட்டெல்லாம் புதுசாப் போட்டாங்களாம். அந்த ரேஸ ஒரு தடவ அவலூர்பேட்டை பக்கமா திருப்பி வுடச் சொல்லு. யாரு ஜெயிச்சா இன்னா, ரோடு வரும்.

ஆனா மைதானத்துக்குள்ள வட்டமா ஓட்ற சைக்கிள்ல நம்ம பசங்க சாதிச்சிருக்கானுங்க. அந்தமான் பையன் எசோ ஆல்பன். 2018-ல சுவிட்சர்லாந்துல ஏகிள்னு ஊரு, ஜூனியர் ஒலகப் போட்டி, கெய்ரின் பந்தயத்துல வெள்ளி. தங்கம் நூல்ல போச்சு, ஒரு செகண்ட அறுவது துண்டாக்கினா அதுல ஒண்ணு. சைக்கிள்ல இந்தியாவுக்கு வந்த மொத ஒலகப் பதக்கம் அது. மறு வருஷம் ஜெர்மனிக்குப் போயி, மணிப்பூர்ப் பசங்க ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ரெண்டு பேரோட சேந்து அணி ஓட்டத்துல தங்கமே வாங்கினு வந்தான். அப்பவும் வெறும் பதினெட்டு வயசு. உனக்குத் தெரியுமா? தெரியாது. நம்ம ஊரு டீக்கடையில யாருக்கும் தெரியாது. மெக்சிகோப் பையன் தும்முனா ஒண்டி உன் போன்ல மணி அடிக்கும்.

கார் நிக்கோபார்லேர்ந்து டேவிட் பெக்காம்னு இன்னொருத்தன். ரொனால்டோ, பெக்காம்... பெத்தவங்க பந்தாட வெப்போம்னு பேரு வெச்சாங்க, புள்ளைங்க பெடல மிதிக்குதுங்க. அந்தப் பெக்காமுக்கு 2004 சுனாமியில அப்பன் போய்ட்டாரு. அதே தீவுப் பொண்ணு டெபோரா ஹெரால்ட், சுனாமியில சின்னப் புள்ளையா மரத்தப் புடிச்சிக்கினு உயிர் பொழச்சது, பின்னாடி நாட்டுக்கே வேகமா ஓட்ற பொண்ணுன்னு பேரு எடுத்துச்சு. இவங்களுக்கு மாருல பட்டை கட்டி நெஞ்சு துடிக்குதான்னு பாக்கணுமா?

இப்ப நம்ம ஊருக்கு வா. வருஷா வருஷம் அண்ணா பொறந்த நாளு, செப்டம்பர் 15-அ ஒட்டி, மாவட்டத்துக்கு மாவட்டம் சைக்கிள் போட்டி நடக்குது. திருவண்ணாமலையிலயும் தான். பதிமூணு வயசுக்குள்ள, பதினஞ்சுக்குள்ள, பதினேழுக்குள்ளன்னு மூணு பிரிவு. சின்னப் பசங்களுக்கு 15 கிலோமீட்டரு, பெரியவங்களுக்கு 20. பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒவ்வொண்ணுலயும் அஞ்சு கிலோமீட்டரு கம்மி. ஏன் கம்மி? காலையில தண்ணி தூக்கி, மாட்டுக்குத் தீனி வெச்சி, ஏழு கிலோமீட்டரு பள்ளிக்கூடத்துக்கு மிதிச்சி, திரும்பி மிதிச்சி, மறுபடி தண்ணி தூக்குற புள்ளைக்கு அஞ்சு கிலோமீட்டரு சலுகையாம். அவங்க கேட்டாங்களா?

மொதப் பரிசு 5000 ரூவா, ரெண்டாவது 3000, மூணாவது 2000. நாலாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் ஆளுக்கு 250. சட்டம் ரொம்ப எளிசு. இந்தியாவுல செஞ்ச வண்டி, சாதாரண ஹேண்டில்பாரு. கியரு கெடையாது. தலைமை ஆசிரியர் கிட்ட வயசுச் சான்று வாங்கினு, சொந்த வண்டியோட வரணும். நெறையப் பசங்க கவர்மெண்டு பதினொண்ணாம் வகுப்புல குடுத்த வண்டியோட தான் வரும். காரியரு, ஸ்டாண்டு, கூடை, மட்கார்டு எல்லாத்தையும் மொத நாள் ராத்திரியே ஸ்பானர் போட்டுக் கழட்டி ஊட்ல வெச்சிட்டு வரும். எடை கொறைக்கிறதுக்கு எவனும் சொல்லிக் குடுக்கல.

பாக்கப் போனா ஒண்ணு செய்யி. மொதல்ல வர்றவன எல்லாரும் பாப்பாங்க, மாலை போடுவாங்க, அதிகாரி கை குடுப்பாரு. நீ பதினொண்ணாவதா வர்றவன பாரு. 250 ரூவா கூட கெடையாது அவனுக்கு. நடுவுல செயினு கழண்டிருக்கும், குனிஞ்சி கையாலயே மாட்டியிருப்பான், கை பூரா கறுப்பு கிரீசு. மறு வருஷமும் அதே வண்டியோட வந்து நிக்கிறானான்னு பாரு. வந்தான்னா அவன் பேரு இன்னான்னு கேட்டு உன் போன்ல எழுதிக்கோ. மெக்சிகோக்காரனுக்குக் கீழயே எழுதிக்கோ, ஒண்ணும் கொறஞ்சி போயிடாது.

இன்னா, நீயும் ஓட்டப் போறியா? போடா, பதினேழுக்கு மேல சேக்க மாட்டாங்க. உன் வண்டிய கேட்லயே நிறுத்திடுவாங்க. பாதி வழியில தண்ணி பாட்டில் நீட்றதுக்கு ஆள் வேணும். அதுக்கு வயசு வரம்பு இல்ல, மாருல பட்டையும் தேவையில்ல. பாட்டில ஒண்டி ஊட்லயே மறந்துட்டு வராத.